உறுப்பினர் படங்களை டேட்டாபேஸுக்குள்ளேயே வைக்கலாமா?

ஐந்நூறு பேர் கொண்ட சங்கத்துக்குக் கழுத்தில் மாட்டும் பெயர் அட்டையும், படத்துடன் கூடிய உறுப்பினர் கையேடும் அச்சிட வேண்டும். படங்களை டேட்டாபேஸுக்குள்ளேயே சேமிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். படங்கள் ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும், டேட்டாபேஸில் கோப்பின் பெயர் மட்டும் போதும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு வெள்ளிவிழா வந்தபோது, கணினி தெரிந்தவன் என்ற பாவத்துக்காக இந்த வேலை என் தலையில் விழுந்தது. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில், கோப்புகளை உள்ளேயே பொதிந்து வைக்கும் ஓஎல்இ வகைப் புலம் ஒன்றை அமைத்து, வாட்ஸ்அப்பில் வந்த படங்களை ஒவ்வொன்றாக உள்ளே திணித்தேன். அந்தப் புலம் ஜேபெக் (.jpg) படத்தை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. கூடவே சுருக்கப்படாத பிரதி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளும். 1200க்கு 1600 பிக்சல் படம் வெளியே 150 கேபி, உள்ளே போனால் ஐந்து எம்பிக்கு மேல். ஆக்சஸ் கோப்பின் உச்சவரம்பு 2 ஜிபி. முந்நூற்றைம்பதைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது.

சரி என்று படங்களை வெளியே எடுத்து, அவை கணினியில் எங்கே இருக்கின்றன என்ற பாதையை மட்டும் டேட்டாபேஸில் எழுதி வைத்தேன். அதிலும் ஒரு கோணல். டி டிரைவில் தொடங்கி முழுப் பாதையையும் எழுதியிருந்தேன். பென் டிரைவை ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். மாலையில் அழைப்பு வந்தது. "சார், கட்டம் இருக்கிறது, ஆளைத்தான் காணவில்லை." அவர் கணினியில் என் டி டிரைவு எப்படி இருக்கும்? ஆகவே கோப்பின் பெயரை மட்டும் எழுதுங்கள். பட்டியலையும் படங்களையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, அதை அப்படியே கொடுங்கள்.

கோப்புக்கு ஆளின் பெயரை வைக்காதீர்கள், உறுப்பினர் எண்ணை வையுங்கள்: 0147.jpg என்பது போல. எங்கள் பட்டியலில் செல்வம் என்று மூவர். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் செல்வத்தின் முகம், ரயில்வேயில் ஓய்வுபெற்ற செல்வத்தின் அட்டையில் ஏறிவிட்டது. ஓய்வுபெற்றவர் இன்னமும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அச்சகத்தில் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் இருந்தால், பட்டியலிலிருந்து பெயரையும் படத்தையும் எடுத்து அட்டைகளை நிரப்பும் அதன் டேட்டா மெர்ஜ் வசதி போதும். பட்டியலில் படக் கோப்பின் பெயர் இருக்கும் நெடுவரிசையின் தலைப்பு @ குறியுடன் தொடங்க வேண்டும். எக்செலில் அதை அடித்தால் பிழை காட்டும். முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடியுங்கள். இன்டிசைனில் எழுத்துகளை அடுக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரையும் தேர்வு செய்யச் சொல்லுங்கள், இல்லையேல் தமிழில் கொம்புகள் இடம் மாறி நிற்கும்.

அளவு பற்றிப் பெரிய கவலை வேண்டாம். அட்டையில் படம் 25க்கு 30 மில்லிமீட்டர் என்றால், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சுக்கு 295க்கு 354 பிக்சல் போதும். ஆனால் மூலப் படத்தை அப்படியே தனியாக வைத்திருங்கள்; அடுத்த முறை கையேட்டில் பெரிதாகப் போட ஆசை வரும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம், படமாக அல்ல, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

உள்ளே வைப்பது எப்போதும் தவறு என்று சொல்லவில்லை. 256 கேபிக்குக் குறைவான படங்களுக்கு டேட்டாபேஸே மேல், ஒரு எம்பியைத் தாண்டினால் கோப்பாக வைப்பதே மேல் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2006இலேயே அளந்து சொன்னார்கள். ஆனால் அவர்கள் சோதித்தது எஸ்க்யூஎல் சர்வர் என்ற பெரிய டேட்டாபேஸ் மென்பொருளை. ஆக்சஸை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் பேச வேண்டாம்.

அச்சகம் போகும் முன் எண் இருந்தும் படம் இல்லாதவர்களின் பட்டியலை எடுத்துவிடுங்கள். எங்கள் பட்டியலில் கடைசிவரை நின்றவர் சங்கத் தலைவர்.