ஒரே சுவரில் மூன்று விளம்பரங்கள்: மங்கிய எழுத்தைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி: பழைய செங்கல் சுவர் ஒன்றில் மூன்று விளம்பரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டு மங்கிக் கிடக்கின்றன. நேரில் பார்த்தால் ஓரளவு படிக்க முடிகிறது. போட்டோவில் வெறும் கறையாகத் தெரிகிறது. கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் செங்கல் இடுக்குதான் பளிச்சென்று வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மூன்று அடுக்கையும் ஒரே படத்தில் பிடிக்க நினைக்காதீர்கள். ஒவ்வொரு அடுக்கும் தனக்கேற்ற வெளிச்சத்தில்தான் தெளியும். ட்ரைபாட் நின்ற இடத்தையும் லென்ஸின் உயரத்தையும் குறித்துக்கொண்டு, அதே கோணத்தில் வெவ்வேறு வேளைகளில் எடுங்கள். அப்போதுதான் படங்களைப் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட முடியும்.

முதல் படம் மேகமூட்டத்திலோ, சுவர் முழுக்க நிழலில் இருக்கும்போதோ. நிறத்துக்கு இதுதான் ஆதாரம். ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படம்), ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப்/8, ஓரத்தில் ஒரு கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டை). சென்சார் சுவருக்கு இணையாக இருக்க வேண்டும். அண்ணாந்து எடுத்துவிட்டு கம்ப்யூட்டரில் நிமிர்த்தினால் மேல்வரி எழுத்துகள் இழுபட்டு விவரம் குறையும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (சென்சார் அகலம் 36 மி.மீ.) 50 மி.மீ. லென்ஸ் என்றால், 6 மீட்டர் அகலச் சுவருக்குச் சுமார் 8.3 மீட்டர் பின்னால் போக வேண்டும். சந்து குறுகலா? 3 மீட்டர் தூரத்தில் ஒரு படம் 2.16 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். சுவரை ஒட்டி நேர்கோட்டில் 1.3 மீட்டருக்கு ஒருமுறை நகர்ந்து எடுத்தால் அடுத்தடுத்த படங்கள் சுமார் 40 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும். கம்ப்யூட்டரில் ஒரே படமாக ஒட்டுவதற்கு அது போதும்.

இரண்டாவது, சாய்ந்த வெயில். சுவரை உரசிக்கொண்டு வெளிச்சம் விழும்போது தடித்த எண்ணெய்ப் பெயின்டின் விளிம்பும் பிரஷ் இழுத்த வரியும் மெல்லிய நிழல் கொடுக்கும். நிறம் முழுக்கப் போன எழுத்துகூட இப்படி எழுந்து நிற்கும். ஆனால் செங்கல்லில் வெயில் மிகவும் சாய்ந்தால் இடுக்குகளின் நிழலே எழுத்தை விழுங்கிவிடும். பூச்சுச் சுவருக்குத்தான் இந்த வழி மிகப் பொருத்தம். வெயிலின் கோணம் வேகமாக மாறும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருங்கள்.

மூன்றாவது, ஈரம். மழை விட்டதும் ஓடிப் போய் எடுக்க வேண்டிய படம் இது. துளைகளில் நீர் நிறைந்ததும் மேற்பரப்பில் வெளிச்சம் சிதறுவது குறையும், நிறம் ஆழமாகும். மேலே சுண்ணாம்பு அடித்திருந்தால் அது நனைந்து பாதி ஒளி ஊடுருவும்படி ஆகி, அடியில் மறைந்திருந்த எழுத்தைக் காட்டும். ஈரப் பளபளப்பை போலரைசர் (லென்ஸின் முன் மாட்டும் ஃபில்டர்) குறைக்கும். வெளிச்சம் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை குறைவதால் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகக் குறைவது) ஷட்டர் நேரத்தை நீட்டுங்கள். ஹோஸ் பைப் பிடித்துச் சுவரை நனைக்கவே கூடாது: பசை போன பெயின்ட் நீரோடு வந்துவிடும்.

இனி கான்ட்ராஸ்ட். சுவரிலேயே மிக வெளுத்தது இடுக்குச் சாந்து. அதனால்தான் மொத்தமாகக் கூட்டும்போது அது முந்திக்கொள்கிறது. படத்தின் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களை (மூன்று அடிப்படை நிறப் பதிவுகளை) எடிட்டிங் மென்பொருளில் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். சிவப்புச் செங்கல் நீலச் சேனலில் கறுத்துவிடும், வெள்ளை எழுத்து அப்படியே நிற்கும். வெளுத்த தளத்தில் நீல எழுத்து என்றால் சிவப்புச் சேனல். நீலச் சேனலில்தான் புள்ளி இரைச்சல் அதிகம் என்பதால் ஐஎஸ்ஓவை ஏற்றவே வேண்டாம்.

அதற்கும் மசியாத எழுத்துக்கு டி-ஸ்ட்ரெட்ச். மங்கிய நிற வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டும் இது, பாறை ஓவியங்களுக்காக ஜான் ஹார்மன் உருவாக்கிய, இமேஜ்-ஜே என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளில் ஓடும் பிளக்-இன். அதிலுள்ள அமைப்புகளில், சிவப்பு எழுத்துக்கு எல்ஆர்இ (LRE), கறுப்புக்கும் நீலத்துக்கும் ஒய்பிகே (YBK) என்று தொடங்குங்கள். ஜேபெக் கொடுத்தால் அதன் சுருக்கத்தால் வரும் 8×8 பிக்சல் கட்டங்களும் சேர்ந்து பெருகி, இல்லாத கோடுகளைக் காட்டும். ரா ஃபைலிலிருந்து எடுத்த டிஃப் (TIFF) ஃபைலைக் கொடுங்கள். வரும் நிறம் பொய்நிறம். எழுத்தைப் படிக்க மட்டுமே அது, பழைய விளம்பரத்தின் நிறம் என்று எழுதிவிட வேண்டாம்.

எது மேல் அடுக்கு என்பதைத் தூரத்துப் படம் சொல்லாது. இரண்டு எழுத்துகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், ஸ்கேல் வைத்து, கிட்டத்தில் எடுங்கள். எந்த பிரஷ் கோடு அறுபடாமல் ஓடுகிறதோ அது பிந்தியது. உரிந்த விளிம்பு அருகில் இருந்தால் இன்னும் தெளிவு. அதை நகத்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள். பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், உதிர்ந்த துணுக்கு திரும்பியும் ஒட்டாது.