பிரதியும் செம்மையாளரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 60,000 சொற்களில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் எழுத்துப்பிழை பார்த்துத் தந்துவிட்டார். வெளியீட்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, மண்டபமும் பதிவு செய்தாயிற்று. இனிச் செம்மையாளர் (எடிட்டர்) ஒருவர் தேவையா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: தேவை. இரண்டு மாதம் போதாது. எழுத்துப்பிழை பார்ப்பது கடைசி வேலை. செம்மையாளர் 30 பக்கத்தை வெட்டச் சொன்னால், அந்தப் பக்கங்களில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்த உழைப்பு அவ்வளவும் வீண்.

முதலில் முழுப் பிரதியையும் கட்டமைப்புக்காக வாசிக்க வேண்டும். கதை உண்மையில் எந்த அத்தியாயத்தில் தொடங்குகிறது, இடையில் எந்தப் பாத்திரம் காணாமற் போகிறது, ஆண்டும் வயதும் ஒத்துவருகின்றனவா என்பதெல்லாம் இங்கேதான் பிடிபடும். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு இடம்பெயரும்போது எட்டு வயதாக இருந்த பிள்ளை, பாடசாலையின் கடைசிப் பரீட்சையான உயர்தரப் பரீட்சையை 2001இல் எழுத முடியாது. எழுதியவருக்கு இது தெரியாமற் போகும், வாசகர் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார்.

இந்த வாசிப்புக்கு மூன்று வாரம், நீங்கள் திருத்தி எழுத ஒரு மாதம். பிறகு வசனம் வசனமாக மொழிச் செம்மை. மணித்தியாலத்துக்கு 1,000 சொல் என்று வைத்தால் 60 மணித்தியாலம். நாளுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இந்த வேலையில் கண் நிலைக்காது, ஆகவே 15 வேலைநாள். அவர் செய்த திருத்தங்களை நீங்கள் பார்க்க இரண்டு வாரம், பக்க வடிவமைப்புக்கும், வடிவமைத்த பக்கங்களைப் பிரதியோடு இரண்டு தடவை ஒப்புநோக்கிப் பிழை பார்ப்பதற்கும் மூன்று வாரம். அச்சகத்துக்குப் போகுமுன்பே மூன்றரை மாதம் ஆகிவிடும். மண்டபத்தைத் தள்ளிப்போடுங்கள். ஒருவர் இறந்த 31ஆம் நாளுக்கு வெளியிடும் நினைவு மலரென்றால் நாளை மாற்ற முடியாது; அதற்குப் பெயர், உறவுமுறை, திகதி மூன்றையும் சரிபார்த்தாலே பெரிய காரியம். நாவலுக்கு அந்த அவசரம் இல்லை.

செம்மையாளரைத் தெரிவுசெய்ய முன்பு பிரதியின் நடுவிலிருந்து பத்துப் பக்கம் கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுத்து, மாதிரித் திருத்தம் செய்விக்கவும். முதல் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டாம். அதை நீங்களே பத்துத் தரம் மெருகேற்றியிருப்பீர்கள். திருத்தம் மட்டும் இருந்து ஓரத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் பத்துப் பக்கமும் திரும்பி வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். கூலியைப் பக்கத்துக்கு இவ்வளவென்று பேசாமல் சொல்லுக்கு இவ்வளவென்று பேசுவது நல்லது. எழுத்தின் அளவை மாற்றினால் பக்கமும் மாறும்.

கேள்வி: செம்மையாளர் என் பாத்திரங்களின் ‘எண்டு’ எல்லாவற்றையும் ‘என்று’ ஆக்கிவிட்டார். ‘அம்மம்மா’ ‘பாட்டி’ ஆகிவிட்டா. நான் ஒத்துக்கொள்ள வேண்டுமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: ‘பாட்டி’யை ஒத்துக்கொள்ள வேண்டாம். அம்மம்மாவா அப்பம்மாவா என்பது அந்தச் சொல்லில் மறைந்துபோகிறது. சீதன வீடும் காணிப் பிரச்சினையும் வருகிற கதையில் யாருடைய தாய் என்பது சின்ன விஷயமா? இன்னொரு பொறியும் உண்டு. ‘அவர் நேற்று வந்தவர்’ என்றால் நமக்கு அது முடிந்த வசனம். தமிழ்நாட்டில் பழகிய செம்மையாளருக்கு அது ‘வந்த ஆள்’ என்று தொங்கி நிற்கும், ‘வந்தார்’ என்று மாற்றுவார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் பிரதியை அவர் பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஓரிடத்தில் ‘எண்டு’, இன்னோரிடத்தில் ‘என்டு’, மூன்றாமிடத்தில் அதே பாத்திரம் ‘என்று’ சொல்கிறதென்றால், எது வேண்டுமென்று எழுதினது, எது தவறினது என்று அவர் எப்படி அறிவார்? வேலை தொடங்க முன்பே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: கதைசொல்லியின் நடை எழுத்துத் தமிழ், உரையாடலில் ‘எண்டு’, ‘என்ர’, ‘அவையள்’, ‘போறன்’, ‘ரிக்கற்’றா ‘டிக்கெட்’டா, எந்தப் பாத்திரம் யாரை ‘நீர்’ என்கிறது, யாரை ‘நீங்கள்’ என்கிறது, ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டல். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். வேலை போகப் போக அவரும் அதில் சேர்ப்பார், ஒப்புநோக்குபவரிடமும் அதே தாள் போகவேண்டும்.

எங்கள் எண்ணம்: காதில் விழுகிற ஒவ்வொரு ஒலியையும் எழுத்தில் பிடிக்கப் போனால் யாழ்ப்பாணத்தாருக்கே வாசிக்கக் களைக்கும். ஐந்தாறு வினை முடிவுகளையும் உறவுப் பெயர்களையும் பேச்சில் விட்டாலே குரல் வந்துவிடும்.

வேர்ட் கோப்பில் மாற்றங்களைக் காட்டும் ‘ட்ராக் சேஞ்சஸ்’ஸை இயக்கிவிட்டுத் திருத்தும்படி கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

கேள்வி: செம்மையாளரின் பெயரைப் ‘பதிப்பாசிரியர்’ என்று போடலாமா?
– வாசகர், உரும்பிராய்

பதில்: வேண்டாம். ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை செய்தது பதிப்பாசிரியர் வேலை. பலர் எழுதியதைத் தொகுத்து வெளியிடுபவரையும் அப்படிச் சொல்வதுண்டு. உங்கள் நாவலுக்கு ‘செம்மையாக்கம்’ என்று உரிமைப் பக்கத்தில் போட்டால் போதும். போட முன்பு அவரிடம் கேளுங்கள். அவருடைய திருத்தங்களில் பாதியை நீங்கள் ஏற்காவிட்டால் பெயர் வேண்டாமென்றும் சொல்லக்கூடும்.

கேள்வி: பிரதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. செம்மையாளர் யுனிகோட் கேட்கிறார். மாற்றினால் பிழை வருமா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: வரும். எந்தப் பிழை வருமென்று தெரிந்தால் பிடிப்பது சுலபம். பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’. ஆகவே வேறு எழுத்துருவில் போட்ட காற்புள்ளிகள் மாற்றும்போது ‘அப்பாஇ அம்மாஇ’ என்று சொல்லோடு ஒட்டி வரும். ‘இ’யும் ஒரு வெற்றிடமும் சேர்த்துத் தேடுங்கள், தமிழ்ச் சொல் தனி ‘இ’யில் முடிவது அரிது. இடையிலுள்ள ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாகிவிடும், அவற்றை மாற்றமுன் தனியே குறித்து வையுங்கள். ‘கௌ’வில் கொம்பும் ‘ள’வும் தனித்தனியாக நின்றால் கண்ணுக்குச் சரி, தேடலுக்குச் சிக்காது. அரவும் (‘ா’) ‘ர’வும் இடம் மாறுவதும் வழமை.

மாற்றிய பிரதியை ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிட்டுச் செம்மையாளரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் அவருடைய நேரமும் உங்கள் காசும் எழுத்துருப் பிழையிலேயே போய்விடும். பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு பந்தி சேர்க்கவே வேண்டாம். அச்சகம் 16 பக்கத்தை ஒரு தாளில் சேர்த்து அடிக்கும், அதுதான் ஒரு பாரம். 208 பக்கம் சரியாக 13 பாரம். நீங்கள் சேர்க்கும் நாலு வரி 209ஆம் பக்கத்துக்குத் தள்ளினால் அச்சகம் இன்னொரு பாரத்துக்குக் காசு கேட்கும், இல்லையென்றால் எழுத்தை நெருக்கி அடிக்கும்.