ஒரே டிவி, இரண்டு பையன்கள்: எந்த பைக் ரேஸ் கேம்?

கேள்வி: எங்கள் வீடு காவேரிப்பட்டணம் பக்கம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி, தன்னுடைய பழைய பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கேம் மெஷினை எங்கள் பையன்களுக்குக் கொடுத்துவிட்டான். ஒருவன் ஒன்பதாவது, இன்னொருவன் ஆறாவது. மண்ணில் தாவிப் பறக்கிற பைக் ரேஸ்தான் வேண்டும் என்று இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். ஓசூரில் ஒரு கடையில் இரண்டு பழைய டிஸ்க் காட்டினார்கள்: ‘எம்எக்ஸ் வெர்சஸ் ஏடிவி லெஜண்ட்ஸ்’, ‘மான்ஸ்டர் எனர்ஜி சூப்பர்கிராஸ் 6’. விலையும் கிட்டத்தட்ட ஒன்று, அட்டைப் படமும் ஒன்று போலத்தான் இருக்கிறது. எதை வாங்குவது? வீட்டில் நெட் என்றால் என் போன் ஹாட்ஸ்பாட்தான். (கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்)

பதில்: அட்டைதான் ஒன்று போல இருக்கிறது, உள்ளே இருக்கும் விளையாட்டு வேறு. சூப்பர்கிராஸ் என்பது ஸ்டேடியத்துக்குள் லாரி லாரியாக மண் கொட்டி, மேடும் பள்ளமும் செயற்கையாக அமைத்து நடத்தும் பந்தயம். பாதை குறுகல், சுற்று சின்னது, ஒரு தாவல் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். நம் பக்கத்திலேயே, 2024 பிப்ரவரியில் பெங்களூரில் இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக்கின் இறுதிச் சுற்று நடந்தது. மோட்டோகிராஸ் (அட்டையில் ‘எம்எக்ஸ்’ என்று இருப்பது இதுதான்) திறந்தவெளியில், இயற்கையான மேட்டிலும் சரிவிலும் ஓடுவது.

இத்தாலியின் மைல்ஸ்டோன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட சூப்பர்கிராஸ் 6, முதல் வகையை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் ஆழமாகப் போகிறது. அமெரிக்காவில் நடக்கும் சாம்பியன்ஷிப்பின் நிஜ வீரர்களும் அணிகளும் அதில் உண்டு. முன்னாள் சாம்பியன் ஜெரமி மெக்ராத் பயிற்சி கொடுக்கும் பகுதி இருக்கிறது. விழுந்தால் சில நொடிகள் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனாலும் எந்த மேட்டில் எவ்வளவு ஆக்ஸிலேட்டர் கொடுக்க வேண்டும், காற்றில் உடம்பை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பது கைக்கு வரும்வரை விழுந்துகொண்டேதான் இருப்பார்கள். பொறுமையான பையனுக்கு அது பெரிய சந்தோஷம். ஆறாவது படிக்கிறவன் பாதியில் கன்ட்ரோலரை அண்ணனிடம் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம்.

ரெயின்போ ஸ்டுடியோஸ் உருவாக்கி 2022-இல் வந்த லெஜண்ட்ஸில் பைக் மட்டுமில்லை, நான்கு சக்கர ஏடிவி, பக்கத்தில் ஆள் உட்காரும் யுடிவி எல்லாம் ஓட்டலாம். பந்தயத் தடங்களோடு காட்டுப் பாதை போன்ற நீண்ட தடங்களும் உண்டு. அஞ்செட்டி மலைப்பாதையில் பைக் ஓட்டுகிற மாதிரி, சும்மாவே சுற்றிக்கொண்டிருக்கலாம். அதனால் உங்கள் வீட்டுக்கு லெஜண்ட்ஸ் என்பது என் முடிவு. வயது வித்தியாசம் உள்ள இரண்டு பேர், ஒரே டிவி. அங்கே சின்னவனுக்கும் ஏதாவது ஒன்று பிடித்துப்போகும்.

ஒரு முக்கியமான விஷயம். லெஜண்ட்ஸ் வெளியான புதிதில் குறைகள் நிறைய இருந்தன, பிறகு வந்த அப்டேட்களில்தான் பல சரியாயின. டிஸ்க்கில் இருப்பது பழைய வடிவம். அப்டேட் ஜிபி கணக்கில் இருக்கும், ஹாட்ஸ்பாட்டில் போட்டால் அன்றைய டேட்டா அதிலேயே போய்விடும். டிஸ்க் வாங்கியதும் பிஎஸ்4-ஐத் தூக்கிக்கொண்டு பிராட்பேண்ட் இருக்கும் தம்பி வீட்டுக்கு ஒரு நாள் போய், எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வாருங்கள். அது முடியவே முடியாது என்றால் மட்டும் சூப்பர்கிராஸ் பக்கம் சாயுங்கள்.

திரையை இரண்டாகப் பிரித்து இருவர் சேர்ந்து விளையாடுவது இரண்டிலும் உண்டு. அதற்கு நெட்டும் வேண்டாம், ஆன்லைனில் விளையாடக் கட்டும் பிஎஸ் பிளஸ் சந்தாவும் வேண்டாம். இரண்டாவது கன்ட்ரோலர்தான் வேண்டும், பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூப்பர்கிராஸ் வரிசையில் 6-க்கு முந்தைய பழைய கேம்கள் மலிவாகக் கிடைக்கும். திரையைப் பிரிக்கும் வசதியை நம்பி அவற்றை எடுக்காதீர்கள். 2025-இல் வந்த ‘சூப்பர்கிராஸ் 25’ உங்கள் பிஎஸ்4-இல் ஓடவே ஓடாது, அது பிஎஸ்5-க்கும் அதற்கு இணையான மெஷின்களுக்கும்தான்.

பெற்றோராக இன்னொன்றையும் யோசியுங்கள். சூப்பர்கிராஸ் கேமின் பெயரிலேயே ஒரு எனர்ஜி டிரிங்க் இருக்கிறது, விளையாடும் நேரமெல்லாம் அந்தச் சின்னம் கண்ணில் படும். அந்தப் பானம் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அதன் டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பையன்கள் கேட்டால் இதைச் சொல்லத் தயாராக இருங்கள்.

கேள்வி: அதே மாதிரி டிஸ்க் துபாயிலிருந்து வந்தது என்று தர்மபுரியில் ஒருவர் விற்கிறார். இங்கே ஓடுமா? பில் கிடையாதாம். (பாலக்கோடு வாசகர்)

பதில்: ஓடும். பிஎஸ்4 டிஸ்க்குகளுக்கு நாட்டுக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் கூடுதல் தடங்கள், பைக்குகளை இந்தியக் கணக்கில் பணம் கட்டி வாங்கினால், வேறு நாட்டு டிஸ்க்கோடு அவை சேராமல் போகலாம். அசல் கேம் மட்டும் போதும் என்றால் கவலையில்லை.

பில் இல்லை என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரர் என்றால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்துவிட்டதால் இது மாறிவிடாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். சரிவராவிட்டால் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. விற்பவர் வீட்டில் வைத்திருந்ததைத் தருகிற தனி ஆள் என்றால் இந்த வழி உதவாது. அங்கேயே மெஷினில் போட்டு ஒரு பந்தயம் ஓட்டிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டருக்கு ஒரு கேமை ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினேன். திக்கித் திக்கி ஓடுகிறது. பணம் திரும்புமா? (ஓசூர் வாசகர்)

பதில்: வாங்கி 14 நாள் ஆகாமல், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் கேட்டு வாங்கலாம். செட்டிங்கை மாற்றிப் பார்க்கும் நேரமும் அந்த 2 மணியில் சேரும், அதனால் இன்றே கேளுங்கள்.