'உங்கள் கெர்னலில் அந்த வசதி இல்லை' என்றால் நம்பலாமா?

கேள்வி: உபுண்டு 22.04 உள்ள ஒரு மெய்நிகர் சர்வரை முகவர் ஒருவர் மூலம் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்தில் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) அமைக்கக் கேட்டதற்கு, கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) அந்த வசதி இல்லை, வேறு கெர்னல் போடத் தனிக் கட்டணம் ஆகும் என்கிறார். உண்மையா என்று நானே பார்க்க முடியுமா?

பதில்: முடியும், பார்க்கும் வரை பணம் கொடுக்காதீர்கள். வயர்கார்டு, 2020 மார்ச்சில் வெளியான 5.6ஆம் பதிப்பிலிருந்தே லினக்ஸ் கெர்னலின் பகுதி. உபுண்டு 22.04 வெளிவந்ததே 5.15ஆம் பதிப்புடன்தான்.

யூநேம் கட்டளையைச் சிறிய ஆர் எழுத்துடன் இயக்கினால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் முழுப் பதிப்பு எண் தெரியும். பூட் அடைவில் கான்ஃபிக் என்று தொடங்கி அதே எண்ணில் முடியும் கோப்பைத் திறந்து வயர்கார்டு என்ற சொல்லைத் தேடுங்கள். பழைய கெர்னல்களின் கோப்புகளும் அங்கே கிடக்கும் என்பதால் எண் பொருந்துவது முக்கியம். சில லினக்ஸ் வகைகளில் இதே விவரம் ப்ராக் அடைவில் சுருக்கிய கோப்பாக இருக்கும். இத்தனை ஆண்டுகளாகியும் இதை எல்லோரும் ஒரே இடத்தில் வைக்க ஏன் மனம் வரவில்லையோ தெரியவில்லை.

அந்த வரியின் முடிவில் ஒய் என்றிருந்தால் வசதி கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டுள்ளது. எம் என்றிருந்தால் தனி மாட்யூலாக, அதாவது கெர்னலுடன் சேர்த்துக்கொள்ளும் தனித் துண்டாக உள்ளது, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம். 'நாட் செட்' என்றிருந்தாலோ அந்த வரியே இல்லாவிட்டாலோ மட்டுமே வசதி இல்லை. முகவர்கள் வழக்கமாக ஏமாற்றுவது எம் விஷயத்தில்தான். எல்எஸ்மாட் கட்டளையை இயக்கி, பட்டியலில் பெயர் இல்லை பாருங்கள் என்பார்கள். அந்தப் பட்டியல் அந்த நேரத்தில் ஏற்றப்பட்டுள்ள மாட்யூல்களை மட்டுமே காட்டும். ஒய் என்று சேர்க்கப்பட்டவை அதில் ஒருபோதும் தோன்றா. மோட்ப்ரோப் கட்டளையால் வயர்கார்டை ரூட் பயனராக (முழு அதிகாரம் உள்ள பயனராக) ஏற்றிப் பாருங்கள். பிழைச்செய்தி வராவிட்டால் அவருடைய கதை அத்துடன் முடிந்தது.

ஒரு விலக்கை மட்டும் கவனமாகப் படியுங்கள். மலிவான சர்வர்களில் பல, ஓபன்விஇசட், எல்எக்ஸ்சி போன்ற கன்டெய்னர்கள். அவற்றில் உங்களுக்கென்று தனிக் கெர்னல் கிடையாது. அடியில் உள்ள பெரிய கணினியின் கெர்னலையே எல்லோரும் பகிர்ந்துகொள்கிறீர்கள். ஆகவே உங்கள் பூட் அடைவில் கோப்பு இருந்தாலும் அது ஓடும் கெர்னலுக்கு உரியதாக இராது. மாட்யூலை ஏற்றவும் பொதுவாக உங்களுக்கு அனுமதி இராது. சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்ற கட்டளை இதைச் சொல்லிவிடும்: கேவிஎம் (முழு மெய்நிகர் கணினி) என்று வந்தால் கெர்னல் உங்களுடையது, ஓபன்விஇசட் அல்லது எல்எக்ஸ்சி என்று வந்தால் பகிர்ந்தது.

பகிர்ந்த கெர்னலாக இருந்தால், வசதி இல்லை என்று முகவர் சொன்னது ஒருவேளை சரியாகவே இருக்கலாம். ஆனால் உங்களுக்கு மட்டும் வேறு கெர்னல் போட்டுத் தருவதாகச் சொல்வது, செய்யவே முடியாத வேலைக்குக் காசு கேட்பதாகும். அந்நிலையில் மாட்யூலை அடிக் கணினியில் ஏற்றித் தரும்படி சர்வர் நிறுவனத்திடமே நேரடியாக எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், டன் சாதனத்தையாவது (மென்பொருளால் ஆன மெய்நிகர் வலையமைப்பு இணைப்பு) அனுமதிக்கச் சொல்லி, கெர்னல் மாட்யூல் இன்றி இயங்கும் வயர்கார்டு-கோ மென்பொருளைப் பயன்படுத்துங்கள். வேகம் சற்றுக் குறையும்.