அப்பாவுக்கு 49 வயதில் அட்டாக், எனக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டுமா?

கேள்வி: வயது 46. தண்டையார்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சுகர், பிரஷர், சிகரெட் எதுவும் இல்லை. மாஸ்டர் செக்கப்பில் மொத்தக் கொலஸ்ட்ரால் 238, கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 158, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் 38, ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 210. அப்பாவுக்கு 49 வயதில் அட்டாக் வந்தது. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது, லிவர் போய்விடும் என்கிறார் மாமா. தம்பியும் வேண்டாம் என்கிறான். போடலாமா?

பதில்: உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது 158 இல்லை, அப்பாவின் 49தான். அப்பாவுக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் உங்களுக்கும் ஆபத்து கூடுகிறது. எல்டிஎல் 190ஐத் தொட்டுவிட்டால், அல்லது ஏற்கெனவே அட்டாக் வந்திருந்தால், மாத்திரை வேண்டுமா என்று யோசிக்கவே வேண்டாம். நீங்கள் இடையில் இருக்கிறீர்கள். குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் இல்லாத ஒருவர் இதே 158ஓடு வந்தால், ஆறு மாதம் நடந்துவிட்டு வாருங்கள் என்பேன். உங்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தைராய்டு டெஸ்ட் எடுங்கள். தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும். அது சரியாக இருந்தால் மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்கும் கால்சியம் ஸ்கோர் ஸ்கேனில் பூஜ்யம் வந்தால் சிலருக்கு மாத்திரையைத் தள்ளிப்போடலாம்தான். ஆனால் வீட்டில் இளவயது அட்டாக் இருக்கும்போது அந்தப் பூஜ்யத்தை நான் முழுதாக நம்புவதில்லை.

மாமாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஸ்டாடின் வேலை செய்யும் இடமே லிவர்தான். அங்கே கொலஸ்ட்ரால் தயாராவதைக் குறைக்கிறது, உடனே லிவர் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. லிவர் டெஸ்டில் வரும் எஸ்ஜிபிடி அளவு சிலருக்கு லேசாக ஏறும், பெரிய பாதிப்பு மிக அரிது. தசைவலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றலாம். இது போதைப் பழக்கம் இல்லை. நிறுத்தினால் எல்டிஎல் பழைய இடத்துக்கே ஏறிவிடும், அதனால்தான் தொடரச் சொல்கிறோம்.

காசிமேட்டு மீனை விட வேண்டாம். மத்தி, காணாங்கெளுத்தி குழம்பு தாராளமாகச் சாப்பிடுங்கள். கடையில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்ததை விடுங்கள். டிரைகிளிசரைடுக்கு இனிப்பு டீ, பரோட்டா, மதுவைக் குறைக்க வேண்டும். ஆனால் சாப்பாட்டால் மட்டும் எல்டிஎல் பெரும்பாலும் 10, 15 சதவீதம்தான் இறங்கும். மாத்திரை 30 சதவீதத்துக்கு மேல் இறக்கும்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். அன்றைக்குத் தம்பியையும் அழைத்துப் போங்கள், அவருக்கும் அதே அப்பாதானே.