ஒரே விவாதம், இரண்டு காட்சிகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவும் நானும் ஒரே சோபாவில் உட்கார்ந்து தேர்தல் விவாதம் பார்த்தோம். அவர் ஆதரிக்கும் கட்சிக்காரரை நெறியாளர் பேசவே விடவில்லை என்கிறார். எனக்கு நேர்மாறாகத் தெரிந்தது. அப்பா வேண்டுமென்றே அப்படிச் சொல்கிறாரா?

பதில்: இல்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிந்திருக்கும்.

1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு அமெரிக்கக் கல்வி நிலையங்களின் அணிகள் அமெரிக்க ஃபுட்பாலில் மோதின. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, கண்ணில் படும் விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தப்பாட்டங்களாக அந்தப் பக்கத்து மாணவர்கள் குறித்தது சராசரியாக நாலு சொச்சம். பிரின்ஸ்டன் மாணவர்கள் குறித்ததோ பத்தை நெருங்கியது. படம் ஒன்றுதான்.

நான் பத்திரிகையில் செய்தி ஆசிரியராக இருந்தபோது, தேர்தல் நேரத்தில் இரு கட்சித் தலைவர்களின் பேச்சையும் எதிரெதிர்ப் பத்திகளில், வரி எண்ணி, சம அளவில் போடுவோம். அப்படியும் நாங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று இரு தரப்பிலிருந்தும் கடிதம் வரும். ஆதாரமாகப் பத்திரிகைப் பக்கத்தையே வெட்டி, அடிக்கோடிட்டு இணைத்திருப்பார்கள். பல நேரம் இரு தரப்பாரும் அடிக்கோடிட்டது ஒரே வாக்கியத்தை. எழுதியவர்கள் நாணயமானவர்கள், ஊன்றிப் படிப்பவர்கள். அதனால்தான் அந்தக் கடிதங்கள் என்னை அவ்வளவு யோசிக்க வைத்தன.

வீட்டில் யார் பெயரை மரியாதையோடு சொன்னார்கள், யார் பெயர் வந்தால் முகம் சுளித்தார்கள், எந்தச் செய்தி வந்தால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே நமக்குள் போய்விடுகிறது. ‘இது என் கருத்து’ என்று தெரிந்தால் எதிர்த்துப் பேசலாம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது கருத்தாகவே நமக்குத் தெரிவதில்லை, கண்ணால் கண்டதாகத் தெரிகிறது. அப்பாவுக்கு அப்படி என்றால் உங்களுக்கும் அப்படித்தான். ‘பொய் சொல்கிறீர்கள்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறியும். எந்த இடத்தில் நெறியாளர் குறுக்கிட்டார் என்று கேளுங்கள், முடிந்தால் அந்த இடத்தைச் சேர்ந்து இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: எல்லாமே வளர்ப்பும் சூழலும் என்றால், சொந்தக் கருத்து என்று ஒன்று உண்டா?

பதில்: உண்டு என்றே நம்புகிறேன். ஆனால் தனியாளாக நின்று அதைக் காப்பாற்றுவது கடினம். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு குழுவிடம் ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் குழுவில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். பேசி வைத்துக்கொண்டு தப்பான விடையைச் சொல்வார்கள். விவரம் தெரியாத அந்த ஒருவரின் முறை வரும். இப்படிச் சோதிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு ஒத்துப்போனார்கள். கண் முன்னால் இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால், கண்ணால் பார்க்க முடியாத நீதி, உரிமை, நாடு பற்றியெல்லாம் நாலு பேர் சொல்வதை மீறுவது எவ்வளவு பாடு!

இதே சோதனையில் இன்னொரு பகுதி உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை. கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிடும். வகுப்பிலோ அலுவலகத்திலோ யாராவது தயங்கித் தயங்கி மாற்றுக் கருத்து சொன்னால், ‘எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இதை எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பேன்.

கேள்வி: தலைமுறை தலைமுறையாக வந்த எண்ணம் மாற எவ்வளவு காலம் பிடிக்கும்?

பதில்: சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று 1959 பிப்ரவரியில் அங்கே ஆண்கள் மட்டும் வாக்களித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். பெண்களே நடத்திய எதிர்ப்புக் குழுவும் இருந்தது. அரசியல் ஆண்களின் வேலை என்பது அவர்களுக்கு வெறும் வாதமாகப் படவில்லை, உலக நடப்பாகவே பட்டது. 1971இல் கணக்கு அப்படியே தலைகீழானது, மூன்றில் இரண்டு பங்கினர் சரி என்றார்கள். நடுவே பன்னிரண்டே வருடம்.

என்ன நடந்தது? 1959இல் நாடு மறுத்த அதே நாளில் வோ மாநிலம் மட்டும் தன் அளவில் பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது. அதே வருடம் நியூஷாடெல், அடுத்த வருடம் ஜெனீவா. பெண்கள் ஓட்டுப் போட்ட பிறகும் அங்கே குடும்பம் குலையவில்லை என்பதைப் பக்கத்து மாநிலத்தார் கண்ணால் பார்த்தார்கள். மனம் மாறியதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

ஆனாலும் அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சின்ன மாநிலத்தில் 1990 ஏப்ரலில்கூட ஆண்கள் மறுத்தார்கள். அந்த நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அங்கே பெண்களுக்கு மாநில அளவில் ஓட்டுரிமை கிடைத்தது. ‘மனம் தானாக மாறட்டும், அதுவரை பொறுங்கள்’ என்று பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்வதை அதனால்தான் என்னால் ஏற்க முடிவதில்லை.