மாநில நீர் வாரியத்தின் ஆதரவு உங்கள் வாய்க்காலைக் காக்குமா?

கேள்வி: கொலராடோ மாநிலத்தின் கன்னிசன் பள்ளத்தாக்கில் 40 ஏக்கர் புல்வெளி வாங்கியிருக்கிறோம். விநாடிக்கு 2 கன அடி தண்ணீர் எடுக்கும் உரிமை, 1893-ஆம் ஆண்டு முன்னுரிமையுடன், பழைய நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியுள்ளது. தலைமதகு மட்டும் எங்கள் வேலிக்கு வெளியே, தேசியக் காட்டுக்குள் இருக்கிறது. அந்தக் காட்டை ‘வில்டர்னஸ்’ பகுதியாக, அதாவது மனிதத் தலையீடின்றி இயற்கை நிலையிலேயே காக்கப்படும் பகுதியாக அறிவிக்க மத்திய அரசின் மசோதா ஒன்று வந்திருக்கிறது. மாநில நீர் வாரியம், நீர் உரிமைகளைக் காக்கும் திருத்தம் சேர்த்தால் ஆதரிப்போம் என்று சொல்லியிருக்கிறதாம். அப்படியானால் நாங்கள் கவலைப்பட வேண்டியதில்லையா?

பதில்: வாரியத்தின் நிலைப்பாடு சட்டம் அன்று. 1937-இல் அமைக்கப்பட்ட கொலராடோ நீர்ப் பாதுகாப்பு வாரியம் ஒரு மசோதாவை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம், திருத்தம் கேட்கலாம். ஆனால் அதன் தீர்மானம் வாஷிங்டனைக் கட்டுப்படுத்தாது, நாளை நீதிமன்றத்தில் உங்களுக்கு உரிமை எதையும் தராது. நீங்கள் பார்க்க வேண்டியது, வாரியம் கேட்கும் வாசகம் மசோதாவுக்குள் வந்துவிட்டதா என்பதைத்தான்.

வாரியம் ஏன் அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. மத்திய அரசு ஒரு நிலத்தைக் குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஒதுக்கினால், அந்த நோக்கத்துக்குத் தேவையான தண்ணீரையும் சொல்லாமலே ஒதுக்கியதாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1908-இல் வின்டர்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. 1978-இல் நியூ மெக்சிகோ வழக்கில், தேசியக் காட்டைப் பொறுத்தவரை அதன் முதன்மை நோக்கங்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அதே நீதிமன்றம் எல்லை வகுத்தது. 1964-ஆம் ஆண்டின் வில்டர்னஸ் சட்டமோ, மாநில நீர்ச் சட்டத்திலிருந்து மத்திய அரசுக்கு விலக்கு உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் பல ஆண்டு வழக்குகளுக்கு இடம் கொடுத்தது. 1993-ஆம் ஆண்டின் கொலராடோ வில்டர்னஸ் சட்டம்தான் அதை நேராகத் தொட்டது: அச்சட்டத்தின் பெயரால் நீர் உரிமை கோருவதில்லை என்று மத்திய அரசு விட்டுக்கொடுத்தது, அதற்கு ஈடாக அந்தப் பகுதிகளுக்குள் புதிய நீர்த்திட்டங்கள் தடைசெய்யப்பட்டன, ஏற்கெனவே உள்ள கட்டமைப்புகளுக்குச் சென்றுவர நியாயமான வழி விடப்பட்டது. உங்கள் மசோதாவில் இந்த மூன்றாவது பகுதி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

தண்ணீரைப் பற்றி எனக்குப் பெரிய அச்சம் இல்லை. தலைமடைக்காரருக்கு முதல் தண்ணீர் என்று நம்மூரில் பழகியவர்களுக்கு இது விளங்கச் சற்று நேரமாகும்: கொலராடோவில் ஆற்றங்கரையில் எங்கே இருக்கிறோம் என்பது கணக்கில்லை, எந்த ஆண்டில் முதலில் தண்ணீர் எடுத்தோம் என்பதே கணக்கு. புதிய ஒதுக்கீட்டிலிருந்து பிறக்கும் எந்த உரிமையும் அந்த ஒதுக்கீட்டின் தேதியையே பெறும். ஆகவே அது உங்கள் 1893-க்கு வெகுவாகப் பின்னால்தான் நிற்கும்.

என்னை உறுத்துவது நீங்கள் அனுப்பிய படம். துருப்பிடித்த மதகுச் சக்கரம், அதற்குக் கீழே வாய்க்காலை அடைத்துக் கிடக்கும் வண்டலும் மரக்கிளைகளும், அதை அள்ள ஒவ்வொரு வசந்தத்திலும் கொண்டுபோவதாக நீங்கள் எழுதும் சிறிய மண்வாரி இயந்திரம். வில்டர்னஸ் பகுதிக்குள் இயந்திர வாகனங்களுக்குப் பொதுவாகத் தடை உண்டு. எனவே, தண்ணீர் உங்களுடையதாக இருந்தும் அதை எடுத்துவர முடியாத நிலை வரலாம். இங்கே உங்களுக்குத் துணை நிற்கக்கூடியது 1866-ஆம் ஆண்டின் சட்டம்: பொது நிலத்தின் குறுக்கே வாய்க்கால் வெட்டியவர்களுக்கு அது வழியுரிமை தந்தது. 1976-இல் அச்சட்டம் நீக்கப்பட்டாலும், அதற்கு முன் நிலைபெற்ற உரிமைகள் தொடர்கின்றன. அந்தக் காடு ஒதுக்கப்படுவதற்கு முன்பே வாய்க்கால் வெட்டப்பட்டது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

ஆகவே தீர்ப்பின் நகலை மாண்ட்ரோஸில் உள்ள நான்காம் பிரிவு நீர் நீதிமன்றத்தில் வாங்குங்கள். கிரயப் பத்திரத்தில் நீர் உரிமை தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் அங்கே நிலத்தை விற்றுவிட்டுத் தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியும். முந்தைய உரிமையாளர் தொடர்ந்து பத்து ஆண்டுகள் தண்ணீர் எடுக்காமல் விட்டிருந்தால், உரிமை கைவிடப்பட்டது என்ற அனுமானம் எழும். நீர் ஆணையரின் ஆண்டுப் பதிவேடு இதைக் காட்டிவிடும். இவை கைக்கு வந்தபின், வாய்க்காலைப் பராமரிக்க வழக்கமாகப் பயன்படும் இயந்திரங்களுக்கும் வழி விடும் வாசகத்தைக் கேட்டு, வரைபடத்துடன் உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் வாரியத்துக்கும் எழுதுங்கள். எல்லைக்கோட்டைச் சில நூறு அடி நகர்த்தி மதகை வெளியே விடும்படியும் கேட்கலாம். மசோதா குழுவில் இருக்கும்போதே கேட்டால், பெரும்பாலும் அதுவே எளிதில் கிடைக்கும்.